எடை குறைக்கும் ஊசியால் வயிறு பாதிக்கப்பட்டால் வழக்குப் போட முடியுமா?

அமெரிக்காவில் ஓசெம்பிக், வீகோவி போன்ற ஊசி போட்டு இரைப்பை வாதம் (வயிறு உணவை மிக மெதுவாகக் காலியாக்கும் கோளாறு) வந்த ஒருவர் நஷ்டஈடு கேட்க முடியுமா என்பது கேள்வி. முடியும். ஆனால் பக்கவிளைவு வந்தது என்பது மட்டும் போதாது. அந்த ஆபத்தை மருந்து நிறுவனம் அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், போதிய அளவு எச்சரிக்கவில்லை என்பதுதான் இத்தகைய வழக்கின் உயிர்நாடி. பெரும்பாலான மாநிலங்களில் அந்த எச்சரிக்கை போய்ச் சேர வேண்டியது நோயாளிக்கு அல்ல, மருந்து எழுதிய மருத்துவருக்கு. சரியாக எச்சரித்திருந்தால் அவர் அதை எழுதியே இருக்க மாட்டார் என்று காட்ட வேண்டும். பலர் இடறுவது இங்கேதான்.

இந்த வழக்குகளில் பல 2024 பிப்ரவரி முதல் பென்சில்வேனியாவில் ஒரே ஃபெடரல் நீதிபதியின் கீழ் சேர்த்து நடக்கின்றன. ஆனாலும் ஒவ்வொருவர் பாதிப்பும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும்.

அடுத்தது மருத்துவச் சான்று. ஓயாத வாந்தி என்று சொன்னால் மட்டும் எடுபடாது. சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைச் சாப்பிடவைத்து, வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று படமெடுப்பார்கள். 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அது இயல்பல்ல. நீண்டகாலச் சர்க்கரை நோயும் இதே கோளாறைத் தரும் என்பதால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கிளப்பும்.

அப்புறம், காலக்கெடு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 2 அல்லது 3 ஆண்டுதான். மருந்துச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு சீக்கிரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.