பரங்கிக்காய் வாங்கவா, படம் எடுக்கவா?

கேள்வி: கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. பூசணியில் பேய் முகம் செதுக்கி வாசலில் வைக்கும் ஹாலோவீன் பண்டிகைக்காக, போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கடலோர ஊரான ஹாஃப் மூன் பே பக்கம் பூசணித் தோட்டம் பார்க்கக் கிளம்பினோம். போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம். வழியில் மகள் வாந்தி. இறங்கினால் குளிர், இரண்டும் அழுகை. எண்பது டாலர் போனது, உருப்படியாக ஒரு போட்டோகூட இல்லை. 'இனி அந்தத் திசைக்கே வேண்டாம்' என்கிறார் கணவர். மகள் தினமும் கேட்கிறாள். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, 'சமைக்காத காய்க்கு முப்பது டாலரா?' என்கிறார். போவதா, விடுவதா?
- ஒரு வாசகி

பதில்: போங்கள். போன வருஷம் போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

இரண்டரை மணி நேரம் என்றதுமே எனக்குச் சந்தேகம். பூசணித் திருவிழா நடக்கும் சனி, ஞாயிறில் மாட்டிக்கொண்டீர்களோ? 1971-ல் தொடங்கிய விழா அது. அக்டோபர் இரண்டாம் திங்களன்று ராட்சதப் பூசணிகளுக்கு எடைப் போட்டி நடக்கும் (2023-ல் ஜெயித்த காய் 2,749 பவுண்டு, அதாவது ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல்!). அதற்கடுத்த சனி, ஞாயிறு திருவிழா. மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும் 92-ம் நெடுஞ்சாலை அகலமானதும் இல்லை, நேரானதும் இல்லை. அந்த இரண்டு நாளும் ஊரே அதில்தான் நிற்கும்.

அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கணவர் ஒரு வேலைநாளில் அரை நாள் லீவு போடட்டும். மகளுக்கு அரை நாள் பள்ளி போனால் குடி முழுகிவிடாது. தோட்டம் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்தால் முக்கால் மணி நேரப் பயணம்தான். கிளம்புமுன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். மலைப்பாதை வளைவுகளில் டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டே வந்தால் பெரியவர்களுக்கே குமட்டும்.

சன்னிவேலில் வெயில் கொளுத்துகிறதே என்று அரைக்கை சட்டையோடு கிளம்பியிருப்பீர்கள். அக்டோபரிலும் கடலோரத்தில் மூடுபனி இறங்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர், மாமியாருக்கு ஒரு சால்வை. ஆட்டுக்குட்டிகளைத் தொட்டு விளையாடும் இடம் இருந்தால், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். சானிடைசர் அதற்கு ஈடாகாது. சின்னவன் கையில் அந்த நேரத்தில் பிஸ்கட்டும் வேண்டாம்.

இனி கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் அழவைத்தது குளிர் மட்டும்தானா? ஒரே நிறத்தில் உடை போட்டு, பூசணிக் குவியல் மேல் உட்கார வைத்து, 'இங்கே பார், சிரி' என்று எத்தனை முறை சொன்னீர்கள்? இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த இடத்தில் வேண்டியது மண்ணும், உருட்ட ஒரு சின்னக் காயும்தான். என் பிள்ளைகளோடு போனபோது நானும் இதே தப்பைச் செய்தவள். படத்தில் மூன்று பேரும் முறைக்கிறோம்.

'நீயே தூக்கிக்கொண்டு வரமுடிகிற காய் எதுவோ, அதுதான் உன்னுடையது' என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் தேடுவாள். செலவும் தானாகக் குறையும். சவாரி ஒன்றே ஒன்று. அதையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். காம்பைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். காம்பு ஒடிந்தால் காய் சீக்கிரம் அழுகும். வீட்டுக்கு வந்து கத்தி எடுக்கவும் வேண்டாம். செதுக்கிய காய் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். மார்க்கரால் முகம் வரைந்தால் நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வரைக்கும்கூட வாசலில் இருக்கும்.

மாமியாரைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். முகம் செதுக்கவென்றே வளர்க்கும் பெரிய காய் நாரும் நீருமாக இருக்கும், கூட்டுக்கு ஆகாது. 'சுகர் பை' என்று சின்னதாக, உருண்டையாக ஒன்று வைத்திருப்பார்கள். அது தித்திப்பு. நகத்தால் கீறிப் பார்த்து, தட்டிப் பார்த்து முற்றிய காயை எடுப்பதில் கும்பகோணத்துக்காரரை நாமா மிஞ்ச முடியும்? பேய் முகம் எதற்கு என்று கேட்டால், நம் ஊரில் புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னால் ராட்சச முகம் எழுதித் தொங்கவிடும் பூசணிக்காயை ஞாபகப்படுத்துங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: தோட்டத்தில் வாங்கும் இந்தக் காய் பரங்கியர் கொண்டுவந்தது என்பதால்தான் நமக்குப் பரங்கிக்காய். அதன் பூர்வீகமே இந்த அமெரிக்கக் கண்டம்தான்.

பத்தரைக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள். சின்னவன் வழியிலேயே தூங்கிவிடுவான். மதியச் சாப்பாட்டுக்குப் பரங்கிக்காய் பால் கூட்டு வைக்க நேரம் இருக்கும்.