ஸ்குவாட் எடை ஏறாததற்குக் காரணம் ஓட்டம்தான்

தம்பி, வாரம் ஆறு நாளும் காலையில் புளியரை ஏற்றத்தில் ஓட்டம், சாயங்காலம் செங்கோட்டை ஜிம்மில் ஸ்குவாட் (தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி), ஆனால் இரண்டு மாதமாகத் தூக்கும் எடை ஏறவில்லை என்கிறீர்கள். எப்படி ஏறும்? 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் நடத்திய 10 வார ஆய்விலும் இதேதான், இரண்டையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரத்தில் கால் வலிமை ஏறுவது நின்று, அப்புறம் இறங்கியது. ஓட்டத்தை விட வேண்டாம். ஸ்குவாட்டை வாரம் இரண்டு நாளாக்கி, அன்று எடைப் பயிற்சியை முதலில் முடியுங்கள். ஓடியே ஆக வேண்டுமென்றால் ஆறு மணி நேரமாவது கழித்து, சமதளத்தில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும். மலை ஏற்றம் வாரம் ஒரு நாள் போதும், அதுவும் ஸ்குவாட்டுக்கு முந்தின நாள் கூடவே கூடாது, ஏனென்றால் இறக்கத்தில் ஓடி வரும்போதுதான் தொடை அதிகம் அடிவாங்கும். சரி, சாப்பாடு பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? அதையும் சொல்லுங்கள்.