பிப்ரவரியில் கிளம்பினால் மாடு எதைத் தின்னும்?

1850-இல் நடக்கும் உங்கள் கதையில் ஒரு குடும்பம் பிப்ரவரியில் குதிரை பூட்டிய வண்டியில் கிளம்பி, இரண்டே மாதத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் சேர்கிறது. பிப்ரவரி சரிவராது. அந்தக் குடும்பம் மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டென்ஸ் ஊரைவிட்டு ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கிளம்பட்டும். இரண்டு மாதத்தில் ஆரிகன் சேரவும் முடியாது. சுமார் 2,000 மைல், நாளுக்கு 12 முதல் 15 மைல். நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும்.

எல்லாம் புல்லைப் பொறுத்தது. வழிநெடுக மேய்ச்சல்தான் தீவனம். புல் தழைக்கும் முன் போனால் மாடு பட்டினி, பிந்தினால் மலையில் பனி. 1846-இல் கலிபோர்னியாவுக்குக் குடியேறப் போன டானர் குழு அப்படித்தான் சியரா நெவாடா மலைப்பனியில் சிக்கியது. ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை.

குதிரைகளையும் மாற்றிவிடுங்கள். நான்கு அல்லது ஆறு எருதுகள் பூட்டுங்கள். நடை மெதுவானாலும் மட்டமான புல்லிலும் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள், இது முக்கியம். ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றியிறைச்சி என்பது அக்கால வழிகாட்டிகளின் கணக்கு. அந்தப் பாரத்தோடு ஆளும் ஏறினால் மாடு தளர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலோர் நடந்தே போனார்கள்.

தேதிகளைச் சரிபார்க்க ஒரு வழி: கிளம்பிய ஊரிலிருந்து 800 மைலுக்குச் சற்று அப்பால் இண்டிபென்டென்ஸ் பாறை என்ற பெரிய பாறை வரும். ஜூலை 4-ஐ ஒட்டி அங்கே சேர்ந்திருந்தால் உங்கள் கணக்கு சரி.

இதெல்லாம் மாட்டுவண்டிக் காலத்துக்குத்தான். கதையை 1869 மே மாதத்துக்குப் பின் தள்ளினால், கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை ரயிலே வந்துவிடுகிறது.