பதினான்கு புத்தகமும் ஒரு கணுக்காலும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் இரண்டு மூன்று மாதம்தான், அப்போது உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாது. மாசியில் வேலை அரை நாளோடு முடிந்துவிடும். இந்த வருஷம் அந்த மீதி அரை நாளை வீணாக்கக் கூடாது என்று முடிவெடுத்து, இரண்டு நாளைக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டு வீட்டிலேயே படித்தேன். மதியம் பாத்திரம் கழுவியபின் உட்கார்ந்தால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்வரை. மாதம் முடிந்தபோது பதினான்கு புத்தகம். தேதி, தலைப்பு, பக்கம் எல்லாம் ஒரு பழைய பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.

நேற்று என் கணவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது வரியில் விரலை வைத்து, "இது என்ன கதை?" என்று கேட்டார். 312 பக்க நாவல் ஐயா. ஒரு ஆளின் பெயர்கூட வாயில் வரவில்லை. பதினான்கில் இரண்டைப் பற்றித்தான் ஐந்து நிமிடம் பேச முடிந்தது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? எனக்கு வயது நாற்பத்தொன்றுதான். படித்த விதத்தில் தப்பா? நீங்கள் போன மாதம் என்ன படித்தீர்கள் என்றும் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

ம.
கிருஷ்ணகிரி

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் கணவரைப் பற்றி. ஏழாவது வரியில் விரல் வைத்துக் கேட்டால் எனக்கும் பூஜ்யம்தான். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனுக்கே இந்த நிலைமை. ஆகவே வயதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

போன மாதம் நான் படித்ததைச் சொல்கிறேன். உங்கள் பேரேட்டுக்கு முன்னால் அது நிற்காது. மாசி பிறந்த இரண்டாம் நாள் மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் நான்கு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தர்மபுரியில் இருந்துகொண்டு கல்யாணம், காதுகுத்து, கறிவிருந்து எதற்கும் போகாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. திண்ணையில் நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி, பக்கத்தில் ஒன்பது புத்தகம் அடுக்கியாயிற்று.

ஒன்பதில் முழுதாக முடித்தது இரண்டு. ஒரு துப்பறியும் கதை, கால்வலியில் தூக்கம் வராத ஒரே ராத்திரியில் முடிந்தது. கொலை செய்தது யார் என்பது காலையிலேயே மறந்துவிட்டது. ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலை நூற்றி நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தேன், இனித் திறக்க மாட்டேன். பாராமகால் வரலாறு ஒன்றில் பாதி. 1792-ல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கும்பெனியார் கைக்குப் போனபின் ரீடு, மன்றோ எல்லாரும் வந்து நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள் அல்லவா, உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. நான் அதில் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஊர்ப் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடினேன். வரவில்லை. அதோடு ஆர்வம் போய்விட்டது. வெட்கக்கேடுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மீதி நாளெல்லாம் புறநானூற்றில் அதியமான் பாட்டுகள். அதுவும் முழுப் புத்தகம் இல்லை. 87-ஆம் பாட்டிலிருந்து ஔவையின் பாட்டு வரிசையாக வரும் பகுதி, அப்புறம் அவன் செத்தபின் அவர் பாடிய இரண்டு மூன்று. எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து பக்கம் வராது. உங்கள் கணக்குப்படி ஒரு மதியத்துக்குக்கூடப் பற்றாது. எனக்கு ஒரு மாதம் ஓடிற்று.

ஓடியதற்குப் புலமை காரணம் இல்லை, புளி காரணம். மாசி பங்குனியில் நம் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திண்ணையின் அந்தப் பாதியில் என் அத்தை உட்கார்ந்து புளி தட்டுவார். அப்பாவின் அக்கா, எண்பதைத் தொடப்போகிறார். ஓடு உடைத்து, நார் உரித்து, ஒவ்வொரு சுளையாகக் கட்டையால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். டொக், டொக் என்று அது பாட்டுக்கு நடக்கும். நான் ஒரு வரி படிப்பேன். நடுவில் கேஸ்காரர் வருவார், கரண்ட் போகும், அத்தை தண்ணீர் கேட்பார். எழுந்து போக முடியாதவனிடம் தண்ணீர் கேட்டதே மறந்து, அவரே எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவார். திரும்ப அதே வரி.

இப்படி நின்று நின்று படித்ததால்தான் ஒன்று கண்ணில் பட்டது. 95-ஆம் பாட்டு உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். அவர் புகழ்கிற மாதிரியே சொல்கிறார்: உன் வேல்களெல்லாம் 'பீலி அணிந்து, மாலை சூட்டி', நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இந்த நக்கலைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

அங்கிருந்து 232-க்குப் போனேன். அதியமான் இறந்துவிட்டான். காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் உயிரோடிருக்கும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று தொடங்குகிறார். அடுத்த அடி 'நடுகல் பீலி சூட்டி'. அந்த இடத்தில் கேஸ்காரர் வந்தார். சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்வரை என் விரல் 'பீலி' என்ற சொல்லின் மேலேயே இருந்தது. தொண்டைமானின் வேலில் இருந்த மயில் பீலி. போருக்குப் போகாத ஆயுதத்துக்கு அலங்காரம் என்று சிரித்தாரே, அதே பீலி இப்போது அதியமானின் கல்லுக்கு.

ஔவை திட்டம் போட்டு இப்படி வைத்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நடுகல்லுக்குப் பீலி சூட்டுவது அந்தக் காலத்து வழக்கம், வேறு புலவர் பாட்டிலும் வருகிறது. இரண்டு பாட்டுக்கும் நடுவில் எத்தனை வருஷமோ. ஆனாலும் எனக்கு அன்றைக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. கல்லூரியில் படித்தேன், மேடையில் பேசினேன், இதே ஊரில் பிறந்து அதியமான்கோட்டை வழியாக ஆயிரம் முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். கேஸ்காரர் குறுக்கே வந்து நிறுத்திய அன்றுதான் கண்டேன்.

அதனால் பிள்ளைகள் வருகிறார்கள், குக்கர் கூவுகிறது என்று வருத்தப்படாதீர்கள். நீங்கள் ஐந்து நிமிடம் பேச முடிந்த அந்த இரண்டு புத்தகத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவை இரண்டும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கிட்ட புத்தகங்களாக இருக்கும் என்பது என் சந்தேகம். தப்பாக இருந்தால் எழுதுங்கள். வீட்டில் படிப்பது வீட்டோடு ஒட்டிக்கொண்டால்தான் நிற்கிறது. பேரேட்டில் பக்கம் எழுதும் பத்தியை அடித்துவிட்டு, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்களேன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பத்தியை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும்.

மற்றப் பன்னிரண்டும் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கும் ஔவையிடமே போகிறேன். 101-ஆம் பாட்டு. ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பல நாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் 'தலைநாள் போன்ற விருப்பினன்' என்கிறார் அதியமானை. முதல் நாள் காட்டிய அதே பிரியம். ஆனால் பரிசு? அது சில சமயம் தாமதமாகும். தாமதமானாலும் யானை தன் 'கோட்டிடை வைத்த கவளம்' போல அது கைக்குள் வந்த மாதிரிதான், பொய்க்காது என்கிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் காட்டுக்குள் யானை இறங்கிய செய்தி வழியாகத்தான் நமக்கு யானை அதிகம் பழக்கம். கோயில் யானையைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இந்த அடி புரியும். கொம்புக்கு நடுவில் வைத்த உருண்டை எங்கே போய்விடும்? இன்னும் வாய்க்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவல் படித்தேன். தலைப்பு மறந்துவிட்டது, எழுதியவர் யார் என்பதும் மறந்துவிட்டது. அதில் ஒரு கிழவர், விருந்தாளிகள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து, போகும்போது கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைப்பார். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் என் கை அதைச் செய்துவிடுகிறது. அந்தப் புத்தகத்தைப் பற்றி யாராவது ஏழாவது வரியில் விரல் வைத்துக் கேட்டால் நான் திருதிரு என்றுதான் விழிப்பேன்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, அழித்தவன் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை. 'தகடூர் எறிந்த' என்று அவன் பெயரிலேயே எங்கள் ஊர் இருக்கிறது. அதே ஆள்தான் முரசு கட்டிலில் தெரியாமல் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனார் என்ற புலவரை வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறி வீசினான். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு உருகியிருக்கிறேன். இந்த மாதம் இரண்டையும் ஒரே திண்ணையில் படித்தபோது அந்த விசிறி ஏனோ இனிக்கவில்லை. இது ஊர்ப்பாசம்தான், இலக்கிய விமர்சனம் ஆகாது. விட்டுவிடுங்கள்.

கடைசி வாரம் 235-க்கு வந்தேன். 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே'. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மீதியைத் தானும் மகிழ்ந்து குடிப்பான். பாட்டின் முதல் பகுதியில் அந்த 'மன்னே' திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அது கழிந்து போனதைச் சொல்லும் இடைச்சொல், இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். நாம் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது 'செய்வாரு, ஹும்' என்று பெருமூச்சு விடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

டொக் டொக் நின்றது. "என்னாடா, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற? சத்தமா படி" என்றார் அத்தை.

படித்தேன். 'என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே'. எலும்போடு சேர்ந்த கறி கிடைக்கும் இடத்திலெல்லாம் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவான். அம்பும் வேலும் வரும் இடத்தில் மட்டும் அவன் போய் நிற்பான் என்று அர்த்தமும் சொன்னேன்.

அத்தை கையில் இருந்த புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க மாமா கறி எடுத்தாருன்னா எலும்புத் துண்ட எல்லாம் பொறுக்கி உனக்கும் உன் தங்கச்சிக்கும் வைக்கச் சொல்லுவாரு. தனக்கு வெறும் சாறு. நீ மறந்துட்டியா?" என்றார்.

மறந்துதான் போயிருந்தேன், ம. அந்த எலும்பு மறந்துபோய் நாற்பது வருஷம் இருக்கும்.

அப்புறம் 232-ஐயும் படிக்கச் சொல்லிக் கேட்டார். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கிக்கொள்ளப்போகிறான் என்று ஔவை கேட்கும் இடம். நடுகல் என்றால் எப்படி இருக்கும் என்றார். இங்கே தர்மபுரி அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது என்னால் கொஞ்சம் நடக்க முடிகிறது. அடுத்த வாரம் ஆட்டோ வைத்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். புளியெல்லாம் உருட்டிப் பானையில் உப்புப் போட்டு அடைத்தாயிற்று, அவருக்கும் வேலை இல்லை.

நேற்று ராத்திரி படுக்கப்போகும் முன் வந்து கேட்டார்: "அங்க கள்ளு ஊத்த விடுவாங்களாடா?"

அன்புடன்.