சத்திரத்தில் ஒரே ஒரு கட்டில்

200 வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் ரீஜென்சி காலக் காதல் நாவல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, எப்படி அலுக்காமல் படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அச்சு ஒன்றுதான், மறுக்கவில்லை. மழையில் வண்டிச் சக்கரம் உடையும். ஒதுங்கப் போன சத்திரத்தில் ஒரே ஓர் அறை, அதில் ஒரே ஒரு கட்டில். எத்தனை தடவை படித்திருப்பேனோ! ஆனாலும் சத்திரக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாலே தலையணையை நிமிர்த்திவைத்து உட்கார்ந்துவிடுவேன்.

இந்தத் திருப்பங்களில் பலவற்றுக்கு அந்தக் காலத்துச் சட்டமும் ஊர்வாயும்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தன. எனக்கு அலுக்காததற்குக் காரணம் அதுதான். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் புத்தி பேதலித்துப்போனதால் 1811 முதல் 1820 வரை அவர் மகன் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்தார், அதுதான் ரீஜென்சி. அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமானதும் பெண் கையிலிருக்கும் பணம் கணவனுடையதாகிவிடும். முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். 1857இல் வந்த சட்டம்தான் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது.

இப்போது, கடனை அடைக்க ஒருவன் காதலே இல்லாமல் பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வகை இது. இன்றைக்கென்றால் ஒத்துவராதபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அங்கே தினமும் காலையில் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தாக வேண்டும். முதல் வாரம் அவன் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பிறகு ஒரு நாள், கேட்காமலே அவன் டீயில் சர்க்கரை போடாமல் அவள் கோப்பையை நகர்த்துவாள். செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கும். அந்த ஒரு பக்கத்துக்காக 300 பக்கம் படிக்கலாம்.

ஓடிப்போகிற கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1754 முதல், 21 வயது ஆகாதவர்கள் உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்ய அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று சாட்சிகள் முன்னால் சொன்னாலே போதுமாக இருந்தது. அதனால்தான் எல்லையை ஒட்டியிருந்த கிரெட்னா கிரீனில் கொல்லர் பட்டறையில்கூடக் கல்யாணம் நடந்தது. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், வழியெல்லாம் குதிரை மாற்ற வேண்டும், பின்னால் அண்ணன் துரத்துவான். கதாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலும் 16 வயது லிடியா காதலனோடு கிரெட்னா கிரீன் போவதாகத்தான் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புகிறாள். அங்கே போகவில்லை, கல்யாணம் செய்யாமலே லண்டனில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீடே ஆடிப்போகிறது. மீதி நாலு பெண்களுக்கும் வரன் அமைய வேண்டுமே! இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிடிக்காததும் உண்டு. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை நூறு பக்கம் இழுத்தால் மூடிவைத்துவிடுவேன். அப்புறம் இந்த டியூக்குகள், அதாவது பிரபுக்களிலேயே மிக உயர்ந்த பட்டக்காரர்கள். அரச குடும்பத்தை விட்டுவிட்டால் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்த டியூக்குகள் 30 பேரைத் தாண்ட மாட்டார்கள், அதிலும் பல பேர் கிழவர்களாக இருந்திருப்பார்கள். என் அலமாரியில் மட்டும் கல்யாணமாகாத, இளமையான, பல் முழுசாக இருக்கிற டியூக்குகள் 40 பேராவது இருக்கிறார்கள்.