வெளிநாட்டு ஆபீசுக்கு மாறணுமா? ஜூனியர் பேங்கர்களின் கேள்விகளும் பதில்களும்

நான் லண்டனில் ஒரு முதலீட்டு வங்கியில அனலிஸ்ட்டா (ஆரம்பநிலைப் பதவி) சேர்ந்து, அங்கிருந்து ஹாங்காங், பிறகு நியூயார்க் போனவன். ரெண்டு தடவையும் வங்கி அதேதான், ஆபீஸ்தான் வேற. தெரிஞ்சதைச் சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அண்ணா, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. இப்பவே நியூயார்க் கேக்கலாமா?

பொறுங்க தம்பி. எல்-1 விசாவுக்கு (அதே கம்பெனியோட அமெரிக்க ஆபீசுக்கு மாறுறவங்களுக்கானது), முந்தைய 3 வருஷத்துல குறைஞ்சது 1 வருஷம் தொடர்ச்சியா அமெரிக்காவுக்கு வெளியே அதே குழுமத்துல வேலை பார்த்திருக்கணும். அது முடிஞ்சாலும், உங்ககிட்ட தனிப்பட்ட சிறப்பறிவு இருக்குன்னு காட்டணும். எக்செல்ல கம்பெனிகளோட நிதிக்கணக்கு (மாடல்) போடுற அனலிஸ்ட்டுக்கு அங்கதான் இழுபறி. விசாவை விடுங்க, முதல் ரிவ்யூவே வராத ஆளுக்கு எந்த எம்.டி. (மேனேஜிங் டைரக்டர்) சிபாரிசு பண்ணுவார்? ரிவ்யூ வரட்டும், போனஸ் கணக்குல ஏறட்டும். அப்புறம் வாயைத் திறங்க.

கேள்வி: முதல்ல யார்கிட்ட பேசணும்? எச்.ஆர். கிட்டயா?

நான் பண்ணின தப்பே அதுதான். ஆர்வக்கோளாறுல நேரா எச்.ஆருக்கு மெயில் போட்டேன். அது எங்க ஸ்டாஃபர், அதாவது யாருக்கு எந்த வேலைன்னு பிரிச்சுக் கொடுக்கிறவர், காதுக்குப் போச்சு. 'இவன் எப்படியும் கிளம்பப் போறவன்'னு முத்திரை விழுந்துடுச்சு. அடுத்த நாலு மாசம் லைவ் டீல் (நிஜமா நடக்கிற கம்பெனி பேரம்) ஒண்ணுகூட கிடையாது, வெறும் பிட்ச் புக்தான் (வாடிக்கையாளரைப் பிடிக்கப் போடுற ஸ்லைடு தொகுப்பு). லோகோ ஒட்டி ஒட்டியே கை தேஞ்சது.

இடம் காலியா இருக்கான்னு முடிவு பண்றது நீங்க போகப்போற ஆபீஸ். ஹெட்கவுன்ட், அதாவது எத்தனை ஆள் வெச்சுக்கலாம்ங்கிற எண்ணிக்கை, அவங்க பட்ஜெட்ல இருக்கு. அதனால அந்த ஊர் டீமோட சேர்ந்து செய்யுற டீல் வந்தா முந்திக்கிட்டு கை தூக்குங்க. அங்கே இருக்கிற அசோசியேட்டுக்கு (அனலிஸ்ட்டுக்கு அடுத்த படி) ராத்திரி ரெண்டு மணிக்கும் பிழையில்லாத மாடல் போய்ச் சேரணும். ஆறு மாசத்துல அவங்க வி.பி.யே (வைஸ் பிரசிடென்ட், அசோசியேட்டுக்கு மேல) 'இந்தப் பையன் இங்க வருவானா?'னு கேப்பார். அதுக்கப்புறம் உங்க குரூப் ஹெட், கடைசியாத்தான் எச்.ஆர்.

கேள்வி: மாண்டரின் தெரியாம ஹாங்காங்ல பிழைக்க முடியுமா?

சீனக் கம்பெனிகளோட ஐ.பி.ஓ. (முதல்முறை பங்கு வெளியீடு) வேலைன்னா ரொம்பக் கஷ்டம். டியூ டிலிஜென்ஸ் (கம்பெனியை அலசிப் பார்க்கிற) கூட்டத்துல பாதி புரியாம உக்காந்திருக்கணும், நான் உக்காந்திருக்கேன். தென்கிழக்கு ஆசிய டீல்கள் பார்க்கிற டீம்னா ஆங்கிலமே ஓடும். அதுக்கு சிங்கப்பூர் இன்னும் தோதான இடம்.

கேள்வி: சார், ஹாங்காங்ல வரி கம்மியாமே?

உண்மைதான். அங்கே நிலையான விகிதம் 15%, 50 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போற பகுதிக்கு மட்டும் 16%. பிரிட்டன்ல 1,25,140 பவுண்டுக்கு மேல 45%. ஆனா மிச்சமாகிறதுல பெரும்பங்கை வாடகை தின்னுடும். இன்னொரு விஷயம், பழைய ஊர்ல உழைச்ச மாசங்களுக்கான போனஸ் புது ஊர்ல கைக்கு வந்தாலும், அந்தப் பங்குக்குப் பழைய ஊர் வரி கேக்கும். முதல் வருஷத்துக்காவது வரி ஆலோசகர் செலவை கம்பெனியே ஏத்துக்கணும்னு பேசி எழுதி வாங்குங்க.

கேள்வி: லண்டனுக்கு ரெண்டு விசா சொல்றாங்க. எது நல்லது?

ஒண்ணு குளோபல் பிசினஸ் மொபிலிட்டி (கம்பெனிக்குள்ள இடமாறுறவங்களுக்கு), இன்னொண்ணு ஸ்கில்டு வொர்க்கர் (வழக்கமான வேலை விசா). முதலாவதுல ஆங்கிலத் தேர்வு கிடையாது, அதனால எச்.ஆர். அதைத்தான் நீட்டுவாங்க. அது நேரா நிரந்தரமா தங்குற உரிமைக்குக் கொண்டுபோகாது. ஸ்கில்டு வொர்க்கர் கொண்டுபோகும். அங்கேயே தங்குற எண்ணம் இருந்தா ரெண்டாவதைக் கேளுங்க.

கேள்வி: கல்யாணமாகி மூணு மாசம்தான். மனைவி வேலையை விடவேண்டி வருமா?

ஊரைப் பொறுத்தது. எல்-1ல போறவங்களோட மனைவி தனி அனுமதி வாங்காமலே அமெரிக்காவில் வேலை பார்க்கலாம். ஹாங்காங்லயும் டிபெண்டன்ட் விசால (கூட வர்ற குடும்பத்தாருக்கானது) வேலைக்குப் போகலாம். சிங்கப்பூர்ல 2021 மே மாசத்திலிருந்து, டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிறவங்களை ஒரு கம்பெனி வேலைக்கு எடுக்கணும்னா அவங்க பேர்ல தனியா வொர்க் பாஸ் வாங்கணும். நீங்க ஆஃபர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே அவங்களும் அந்த ஊர்ல வேலை தேடத் தொடங்கட்டும்.

கேள்வி: போன ஆறே மாசத்துல ஆள்குறைப்பு வந்தா?

வரும், நானே பார்த்திருக்கேன். எல்-1 உங்களைக் கூட்டிட்டுப்போன கம்பெனியோட கட்டினது, அதை வெச்சுப் பக்கத்து வங்கிக்குத் தாவ முடியாது. வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். வேற கம்பெனிக்குப் போக எச்-1பி (அமெரிக்காவோட இன்னொரு வேலை விசா) வேணும்னா லாட்டரில பேர் விழணும். அதனால ஒப்பந்தம் உள்ளூர் வேலையா, இல்ல திரும்பி வர உரிமையுள்ள செகண்ட்மென்டான்னு (தற்காலிகமா அனுப்புறது) பாருங்க. 'குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இடமாற்றச் செலவைத் திருப்பித் தரணும்'ங்கிற வரி அநேகமா இருக்கும். அது நீங்களா விலகினா மட்டும்தானா, அவங்க அனுப்பினாலுமான்னு தெளிவா கேட்டு, பதிலை மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க.

கேள்வி: போனதும் முதல்ல எதுல மாட்டினீங்க?

பழைய டீல்ல. 'ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கோ'ன்னாங்க. பகல்ல ஹாங்காங் வேலை, சாயங்காலம் லண்டன் கண் முழிச்சதும் அந்த வேலை, இப்படியே ஏழு வாரம். ரெண்டாவது தடவை, கிளம்புறதுக்கு முன்னாடியே ஒப்படைக்கிற தேதியை ரெண்டு ஸ்டாஃபரையும் சேர்த்து ஒரே மெயில்ல போட்டுட்டேன்.