பனியும் சேறும்: டிராக்டர் கேள்வி-பதில்

மழை விட்டதும் எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் சேற்றைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவை ஒன்று மட்டும் பனியைப் பற்றி வந்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எனக்கு மன்னார்குடிப் பக்கம். மகள் வீட்டுக்குக் கனடாவின் ஒட்டாவா வந்து இரண்டு மாதம் ஆகிறது. விடிவதற்கு முன் ஒரு டிராக்டர் வருகிறது. பின்பக்கம் பெரிய பெட்டி மாதிரி ஒன்று. பின்னாலேயே வீட்டு வாசல் வரை வந்து, பெட்டியைக் கீழே இறக்கி, முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. பனி ஒரு குழாய் வழியாகப் பறந்து ஓரத்தில் விழுகிறது. இரண்டே நிமிடம், வாசல் சுத்தம். இந்தச் சாமானை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் சேறு அள்ள ஆகுமா?

பதில்: ஆகாது ஐயா. ஏன் ஆகாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் பார்த்தது பனி ஊதி. நம் ரொட்டவேட்டர் ஓடுகிற அதே பி.டி.ஓ. தண்டில்தான், அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டில்தான், அதுவும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. உள்ளே திருகு மாதிரி ஓர் உருளை பனியை நடுவுக்கு இழுக்கும். அங்கே சுழலும் விசிறி அதைக் குழாய் வழியாக எறியும். சாதாரணமாகப் பின்னால் மாட்டுகிற ஊதியை வைத்துக்கொண்டு ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸிலேயே வேலை செய்ய வேண்டும். கியூபெக், ஒட்டாவா பக்கம் அதைத் திருப்பி மாட்டி, முன்னோக்கி ஓட்டிக்கொண்டே இழுக்கிற மாதிரி செய்துகொண்டார்கள். கதவு ஓரத்துப் பனியும் வந்துவிடும், கழுத்துவலியும் இல்லை. பனி ஊதும் வண்டியை 1925-இல் செய்து ஓட்டிக் காட்டியவர் கியூபெக்காரர் ஆர்தர் சிகார். கதிரடிக்கும் எந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். நெல்லடிக்கும் எந்திரத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்த நமக்கு அது புரியாத சங்கதி இல்லை.

இப்போது எடைக்கு வருவோம். பத்து அடி அகலம், நூறு மீட்டர் நீளம் உள்ள ஒரு தெரு. அதில் அரை அடி உயரத்துக்குப் புதுப்பனி விழுந்தால் மொத்தம் ஏறக்குறைய 45 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ இருக்கும், சில நாள் அதில் பாதிகூட இருக்காது. ஆக நாலரை டன். அதே தெருவில் அதே உயரத்துக்கு வெள்ளம் விட்டுப்போன ஈரவண்டல் கிடந்தால்? கன மீட்டருக்கு 1,700 கிலோ என்று வைத்தாலும் 76 டன். நூறு கன அடி ஒரு யூனிட் என்கிற நம் கணக்கில் 16 யூனிட். டிப்பர் பதினாறு நடை போக வேண்டும். இதை எந்த விசிறியும் எறியாது. அங்கேயே ஈரப்பனி விழுகிற நாளில் குழாய் அடைத்துக்கொள்ளும். திருவாரூர்க் களிமண்ணை அதில் போட்டால் முதல் சுற்றிலேயே, பாரம் மிஞ்சினால் அறுவதற்கென்றே வைத்த ஷியர் போல்ட் அறுந்துவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பனியை ஓரத்தில் குவித்துவிட்டால் பங்குனி, சித்திரையில் அது தானாக உருகிப் போய்விடும். வண்டல் எங்கும் போகாது. நீங்கள் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்து, அடுத்த மழையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் நம் ஊரில் வண்டி எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதால் தள்ளுவது என்பதில்லை, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான்.

அங்கிருந்து ஒன்றைக் கட்டாயம் கொண்டுவரலாம், விமானத்தில் சுமைக் கூலியும் கிடையாது. வாசல் ஓரங்களில் நெடுக மெல்லிய குச்சிகள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பே நட்டுவிடுவார்கள். பனி மூடிய பின் புல்தரை எது, கல்படி எது என்று ஓட்டுநருக்குத் தெரிய அதுதான் வழி. நம் தெருக்களில் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர், குடிநீர்க் குழாயின் வால்வு, மதகு எல்லாம் வெள்ளத்துக்குப் பின் சேற்றுக்குள்தான் கிடக்கின்றன. புரட்டாசியிலேயே ஆளுயர மூங்கில் நான்கு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். ஒரு கார்த்திகையில் நானே பிளேடை இறக்கி, ஊருக்குப் போகிற குடிநீர்க் குழாயைப் பெயர்த்து, இரண்டு நாள் தெருப்பெண்கள் வாயில் விழுந்தேன். அந்த இடத்தில் இன்றைக்கும் மூங்கில் நட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (அதே வாசகர்): இங்கே சில வண்டிகளின் முன்பக்கம் பிளக் தொங்குகிறதே, எதற்கு?

பதில்: இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க வீட்டு மின்சாரத்தில் செருகுவது. கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் இறுகிவிடும். டீசலில் இருக்கும் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால், குளிர்காலத்துக்கு அங்கே தனி டீசலே விற்கிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

கேள்வி: கூத்தாநல்லூர். 45 குதிரைத்திறன் வண்டி, பின்னால் மாட்டும் பிளேடு வைத்திருக்கிறேன். தெருச் சேற்றைத் தள்ளினால் சக்கரம் வழுக்குகிறது, பிளேடு சில இடத்தில் தாரையே பெயர்க்கிறது. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: தார்ச்சாலையில் கேஜ் வீல் மாட்டவே கூடாது. அது சேற்று வயலுக்கான சாமான். அதோடு ரோட்டில் ஏறினால் ரோடும் போகும், அபராதமும் வரும்.

வழுக்குவதற்கு மருந்து எடை. பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் ஏற்றுங்கள். வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினால் கணக்குச் சரி. பனி நாட்டிலும் இதையேதான் செய்கிறார்கள், உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அது வேண்டாம், ரிம்மை அரித்துவிடும். வாய்க்கால் தண்ணீரே போதும். வயலில் இறங்கும்போது இந்தத் தண்ணீரை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். தாரில் பிடிப்பைத் தருகிற எடை, சேற்றில் வண்டியைப் புதைக்கும்.

பிளேடை நேராக வைத்துத் தள்ளாதீர்கள். ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் சேறு உருண்டு ஓரத்துக்குப் போகும், வண்டிக்குப் பாரமும் குறையும். தார் பெயர்வதற்குக் காரணம் பிளேடு தரையில் உரசி ஓடுவது. பனித் தள்ளிகளில் பிளேடுக்குக் கீழே இரண்டு பக்கமும் செருப்பு மாதிரி இரும்புக் கட்டை இருக்கும். பிளேடின் விளிம்பு அரை அங்குலமோ ஓர் அங்குலமோ மேலே நிற்க, அந்தச் செருப்பு தரையில் வழுக்கிப்போகும். உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் பழைய ஸ்பிரிங் பட்டையை வளைத்து ஒட்டச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. கப்பி ரோட்டுக்கு இது இல்லாமல் இறங்கவே வேண்டாம். பனித் தள்ளிகளில் நல்லவற்றுக்கு இன்னொரு வசதி உண்டு: கல்லில் மோதினால் கீழ் விளிம்பு ஸ்பிரிங்கில் மடிந்து விலகிக்கொள்ளும். நம் பிளேடுகளில் அது கிடையாது. மோதினால் வளைவது பிளேடோ வண்டியின் கையோ, இரண்டில் ஒன்று. லோ முதல் கியர், அவ்வளவுதான் வேகம்.

கடைசியில் கால் அங்குலம் மிஞ்சத்தான் செய்யும். அதற்கு வண்டி வேண்டாம், ஈரம் காய்வதற்குள் மண்வெட்டியும் தண்ணீரும். காய விட்டால் அந்தக் களி சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி. எங்களுக்குக் கடைமடை. வயலுக்கு வரும் வாய்க்காலை நாங்களே பங்கு போட்டுத் தூர்வாரலாம் என்று இருக்கிறோம். டிராக்டரிலேயே முடியுமா, பொக்லைன்தான் வேண்டுமா? எவ்வளவு ஆழம் எடுக்கலாம்?

பதில்: முதலில் அது யார் வாய்க்கால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ, பி வகை (ஆறும் பெரிய வாய்க்காலும்) என்றால் நீர்வளத் துறை வேலை, நீங்களாகக் கை வைக்கக் கூடாது. சிறு வாய்க்கால்களில்தான் ஊர் இறங்கலாம், அதையும் ஊராட்சியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆறடி அகலத்துக்குக் கீழான வாய்க்காலுக்கு டிராக்டரின் பின்னால் மாட்டும் சிறு தோண்டி (பேக்ஹோ) போதும். கரையில் நின்றபடி கை நீட்டி அள்ளும். முன்பிளேடு போட்ட வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தூர்வாருவதில்லை, தூரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிவைப்பது; அதோடு கரையின் அடிக்காலையும் அறுத்துவிடுகிறது.

ஆழம்தான் முக்கியமான கேள்வி. எல்லோரும் நினைப்பது, ஆழமாக எடுத்தால் தண்ணீர் நிறைய வரும் என்று. நம் டெல்டாவில் கல்லணைக்குக் கீழே நிலம் தட்டு மாதிரி, சரிவு மிகக் குறைவு. வாய்க்காலின் தரை மட்டம் தலைப்பு மதகிலிருந்து வயல் மடை வரை ஒரே ஓட்டமாக இறங்கி வர வேண்டும். நடுவில் ஓர் அடி கூடுதலாகத் தோண்டினால் அங்கே குளம் கட்டும். அந்தப் பள்ளம் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் உங்களுக்கு நகரும். முறை வைத்து விடுகிற காலத்தில் அந்த நேரம்தான் உங்கள் பங்கு. வயல் மடையைவிட வாய்க்கால் தாழ்ந்துபோனால் தண்ணீர் கண்ணெதிரே ஓடும், ஆனால் வயலில் ஏறாது. டீசல் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டிவரும். பழைய மதகுகளின் அடிக்கல்தான் உங்கள் அளவுகோல். இரண்டு மதகுக்கு நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்கு எடுங்கள், அதற்குக் கீழே ஒரு பிடி மண்கூட வேண்டாம்.

எடுத்த மண்ணைக் கரை விளிம்பில் வைக்காதீர்கள். ஆடியில் போட்டது ஐப்பசியில் உள்ளே இருக்கும். குறைந்தது நான்கைந்து அடி தள்ளிப் போட்டு, காய்ந்ததும் பரப்புங்கள். வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே முடியுங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஜூன் முதல் வாரம் எல்லா ஊரும் ஒரே பொக்லைனுக்கு நிற்கும், அவசரத்தில் செய்கிறவன் மட்டம் பார்க்க மாட்டான்.

கேள்வி: கும்பகோணம். வடிகாலில் ஆகாயத்தாமரை. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம், பிய்ந்து பிய்ந்து வருகிறது.

பதில்: கயிறு வேலைக்கு ஆகாது. நீண்ட பல் உள்ள வாருகோலைத் தோண்டியின் கையில் மாட்டுங்கள், தண்ணீர் பல்லிடுக்கில் வடிந்துவிடும். அந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதைச் சுமந்து டிப்பரில் ஏற்றுவது வீண் டீசல். மேட்டில் போட்டு ஒரு வாரம் வாட விட்டு, பிறகு எருக்குழிக்கு ஏற்றுங்கள். தண்ணீர் வரும் மேல்பக்கத்திலிருந்து தொடங்கிக் கீழே போங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே பிய்ந்த துண்டெல்லாம் சுத்தம் செய்த இடத்துக்கு மிதந்து வந்து மறுபடி முளைக்கும். விதை பல வருடம் சேற்றில் கிடந்து பிழைக்கும் என்பதால், ஒரு தடவையோடு முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: பட்டுக்கோட்டை. கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இன்னும் சில கிடக்கின்றன. சங்கிலி போட்டு டிராக்டரில் இழுத்தால் முன்சக்கரம் தூக்குகிறது. முன்னால் ஆள் உட்கார வைத்து இழுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு பதிலை மட்டுமாவது டிராக்டர் ஓட்டுகிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சங்கிலியை வண்டியின் பின்னால் மேலே இருக்கும் டாப் லிங்க் கொக்கியிலோ பின் அச்சிலோ கட்டினால், கட்டை அசையாதபோது எஞ்சின் சக்கரத்தைச் சுற்றாமல் வண்டியையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் கிளம்பி, வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேல் விழ ஒரு விநாடி போதும். கிளட்சை மிதிக்க மூளை சொல்லி, கால் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முன்னால் உட்கார்ந்த ஆள் இதைத் தடுக்க மாட்டான், அவனும் சேர்ந்து அடிபடுவான். இழுக்கிற எதையும் பின்னால் கீழே இருக்கும் டிரா பாரில் (இழுப்புச் சட்டத்தில்) மட்டும் கட்டுங்கள். முன்னால் இரும்பு எடை போடுங்கள். வெடுக்கென்று கிளட்சை விடாதீர்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு, அந்த அவசரத்தில் எல்லோரும் கிடைத்ததைக் கட்டி இழுத்தோம். இப்போது அவசரம் எதுவும் இல்லை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, குண்டு மாதிரி சல்லிவேர்தான். சுற்றிலும் தோண்டி வேரை அறுத்துவிட்டால் கட்டை லேசாகப் பெயர்ந்துவரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: சேற்றில் புதைந்த வண்டியை எடுக்கப் பின்சக்கரத்தில் குறுக்கே கட்டை கட்டுவது. கட்டை மண்ணில் பிடித்துக்கொண்டு சக்கரம் நின்றால் நடப்பது மேலே சொன்ன அதே கதைதான். பின்னோக்கி வெளியே வரப் பாருங்கள், முடியாவிட்டால் இன்னொரு வண்டியை வரவழையுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறை. பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது. இல்லாமல் ஓட்டினால் என்ன?

பதில்: 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ தோள் துண்டோ பட்டால் இழுத்துக்கொள்ளும், கத்தக்கூட நேரம் இருக்காது. உறையை நாளைக்கே வாங்குங்கள். அது வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கட்டும்.

கேள்வி: நாகப்பட்டினம். வெள்ளத்தில் ஓட்டிய பிறகு ஹைட்ராலிக் எண்ணெய் பால் மாதிரி இருக்கிறது. பிளேடு தூக்கினால் மெல்ல இறங்கிவிடுகிறது.

பதில்: உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலான நம் வண்டிகளில் கியருக்கும் லிஃப்ட்டுக்கும் எண்ணெய் ஒன்றுதான், அதனால் இரண்டுமே கெடும். முழுவதும் வடித்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, புது எண்ணெய் ஊற்றுங்கள். கியர் பெட்டியின் மூச்சுத்துளை மூடி காணாமல் போயிருந்தால் தண்ணீர் வந்த வழி அதுதான். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அளவுக்கோலை உருவிப் பாருங்கள். மறுபடியும் பால் நிறம் தெரிந்தால் அச்சு சீல் போயிருக்கிறது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.